நீர்க்கோவை

தலையைத் தூக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதுவும் என்னிடம், ஊர்ப் பெண்பிள்ளைகளையெல்லாம் தலையைத் தூக்கு, நெஞ்சை நிமிர்த்து என்று விசில் ஊதி ஊதியே தொண்டை கட்டிப்போன பி.டி. டீச்சரிடம். சரி, தூக்கவில்லை. மயக்க டாக்டர் ரெஜினா மேடம் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், “செண்பகவல்லி, இன்னொரு ஆபரேஷன் இருக்கு, முடிச்சிட்டு நானே வந்து உங்கள உட்கார வைப்பேன். அதுவரைக்கும் மல்லாக்கப் படுத்திருக்கணும். அதுக்குள்ள எந்திரிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.” எனக்கும் கெட்ட கோபம் வரும் மேடம், என் மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள், ஆனாலும் படுத்திருக்கிறேன். முதுகில், இடுப்புக்கு நடுவில், யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டே இருப்பது போல ஒரு அமுக்கம். உள்ளே இருப்பது என் ரத்தம். இடது கையில் ஊசி குத்தி எடுத்து, ஆறுவதற்குள் முதுகில் போட்டுவிட்டார்கள். அடுத்தவர் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது, எல்லாம் என்னுடையது, என் ஓட்டையை நானே அடைத்துக்கொள்ளப் போகிறேன். சொந்தக் காலில் நிற்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், நான் சொந்த ரத்தத்தில் நிமிரப்போகிறவள். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் வயிற்றுத் தையல் சுள்ளென்று இழுக்கிறது, அதனால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறேன். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அம்மா நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “வலிக்கா?” என்கிறாள். இல்லை என்று கையை மட்டும் ஆட்டுகிறேன், தலையை ஆட்டினால் அதுவும் தூக்கியதாகக் கணக்காகிவிடுமோ என்னமோ. அம்மா மடியில் என் மகள் தூங்குகிறாள், இங்கிருந்து துணிப்பொட்டலம்தான் தெரிகிறது.

அவளை நான் இன்னும் நேராகப் பார்க்கவில்லை. பெற்றவள் சொல்கிற பேச்சா இது என்று கேட்டால், ஆமாம், அதுதான் என் நிலைமை. ஆபரேஷன் தியேட்டரில் பச்சைத் துணிக்கு மேலே அவளைத் தூக்கிக் காட்டியபோது தலைகீழாகத் தெரிந்தாள். அதன்பிறகு பக்கத்தில் கிடத்தினார்கள், ஒரு கன்னமும் ஒரு காதும் பார்த்தேன். மூக்கு அப்பன் மூக்கு, நெற்றி தாய்மாமன் நெற்றி என்று வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், பெற்றவளுக்கு மட்டும் இன்னும் முகம் முழுசாகக் கிடைக்கவில்லை. உட்கார்ந்தால்தானே கிடைக்கும். முதல் தடவை சிஸ்டர் வந்து, மடியில் தலையணையை வைத்து உட்கார்ந்து பால் கொடுங்க என்று முதுகைப் பிடித்து நிமிர்த்தியபோது ஒன்றுமில்லை, நன்றாகத்தான் உட்கார்ந்தேன், பிள்ளையை வாங்கக் கைகூட நீட்டினேன். அப்போதுதான் பிடரியில் ஒரு கல் உருண்டது. உருண்டு மண்டைக்குள் ஏறி, நெற்றிக்கு வந்து, கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. காது அடைத்தது. ஜன்னல் வெளிச்சம் குத்தியது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அப்படியே சாய்ந்தேன், சாய்ந்ததும் வலி போன இடம் தெரியவில்லை. எங்கே போச்சு? இவ்வளவு பெரிய வலி இவ்வளவு சீக்கிரம் எங்கே போகும்? மறுபடி உட்கார்ந்து பார்த்தேன், போகவில்லை, அங்கேயேதான் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பிள்ளை பசியில் வீரிட்டாள். படுத்தபடியே கொடுக்கப் பார்த்தால் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, காம்பு அவள் வாய்க்கு அகப்படாமல் கன்னத்தில் போய் இடித்தது. கடைசியில் பவுடர் பால்தான் கரைத்தார்கள். தலைவலிக்கெல்லாம் அழாதவள் அதற்கு அழுதேன். அந்தப் பாலை அவள் சப்புக்கொட்டிக் குடித்த சத்தம் கேட்டது, பிள்ளை வயிறு நிறைந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, படவில்லை, எனக்கு வயிறு எரிந்தது, இது என் வேலை, என் இடம், அதில் டப்பா உட்கார்ந்திருக்கிறது. நாள் போகப் போக இவள் டப்பாவுக்கே பழகிவிட்டால், எனக்குச் சுரப்பதும் நின்றுபோனால், அப்புறம் தலைவலி தீர்ந்து என்ன, தீராவிட்டால் என்ன.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. நான் பிடரியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததைப் பார்த்ததும் அம்மா யோசிக்கவே இல்லை. “நீர் கோத்திருக்குட்டி,” என்றாள். எங்கள் பக்கத்தில் தலைக்கு வருகிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான், ஈரத்தலையோடு தூங்கினால், பனியில் நின்றால், தலை பாரமாக இருந்தால் நீர் கோத்திருக்கிறது, மண்டைக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டது, அதை இறக்க வேண்டும். அம்மா இறக்கத் தொடங்கினாள். சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டாள், காதில் பஞ்சு வைத்தாள், தலையில் துண்டு கட்டினாள். நொச்சித்தழை போட்ட வெந்நீர்ச் சட்டிக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, குனியச் சொல்லி, மேலே போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்கவைத்தாள். உட்காரவைத்து. குனியவைத்து. அந்தப் போர்வைக்குள் நான் பட்ட பாட்டை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். பாவம், அவளும் நல்லதற்குத்தான் செய்தாள், நானும் மறுக்கவில்லையே, நீர் கோத்தால் ஆவி பிடிப்பதுதானே வழக்கம். காலையில் பிரசவ டாக்டர் வார்டைச் சுற்றி வந்தபோது அந்த வார்த்தையைத்தான் நானும் அவரிடம் தூக்கிக் கொடுத்தேன். “தலையில நீர் கோத்திருக்கு டாக்டர்.” சளி இருக்கா? லேசா இருக்கு. இப்ப வலிக்குதா? இல்ல டாக்டர். எப்படி வலிக்கும், டாக்டர் வரும்போது நான் படுத்தல்லவா இருக்கிறேன், படுத்தால்தான் வலிக்காதே. அவர் சளிக்கு மாத்திரை எழுதிவிட்டுப் போனார். மறுநாளும் அதே பேச்சு, அதே இல்ல டாக்டர். பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் அவளிடம் மெதுவாகச் சொல்வது பஞ்சையும் மீறிக் காதில் விழுந்தது, “உக்காரச் சொன்னா வலிக்காம், படுத்தா சரியாயிருதாம், இதென்ன நோவு?” எனக்குக் கோபம் வரவில்லை. டிரில் பீரியடில் மட்டும் வயிற்றுவலி வருகிற பிள்ளைகளை வருஷக்கணக்காக மேய்த்தவள் நான். என் இடத்தில் இன்னொருத்தி படுத்திருந்தால் நானே, எந்திரி, மைதானத்தை ரெண்டு சுற்று ஓடு என்றிருப்பேன்.

நாக்கு வறள்கிறது. இப்போது கேட்டால் தருவார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது, வளைகிற குழாய் போட்டு உறிஞ்சிக்கொள்ளலாம். ஆனால் இப்போது வேண்டாம், ரெஜினா மேடம் வரட்டும். முதலில் கேட்டபோது கிடைக்கவில்லை. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது அம்மா சட்டம், குடித்தால் வயிறு பெருத்துவிடும், உடம்பு ஊதிவிடும், அதுவும் தலையில் நீர் கோத்தவளுக்கு மேலும் நீர் கொடுப்பார்களா? மாத்திரை இறங்க ஒரு மடக்கு வெந்நீர், தொண்டை நனைய இன்னொரு மடக்கு, முடிந்தது. என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் தண்ணி லாரி ஓட்டுகிறார். இந்தக் கந்தக பூமியில் சித்திரை வைகாசியில் அவருக்கு இருக்கிற மரியாதை கலெக்டருக்குக் கிடையாது, தெருத் தெருவாகக் குடங்கள் வரிசைகட்டி நின்று அவரை வரவேற்கும். கிணற்றில் மோட்டார் போட்டு லாரி நிறைந்ததும் எனக்கு ஒரு போன் வரும், “தண்ணி ஏறிட்டு, கிளம்புதேன்.” கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என் அப்பா சாமி கும்பிடுகிற மாதிரி இவருக்கு இது ஒரு தினசரிக் கடமை. அப்பேர்ப்பட்டவர் பெண்டாட்டி நாக்கு ஒட்டிக் கிடந்தாள். அவர் பார்க்க வந்தபோது சட்டைக் கையெல்லாம் ஈரம், கிணற்றுத் தண்ணீர் வாசனை, அந்தச் சட்டையைப் பிழிந்தாவது குடிக்கலாமா என்றிருந்தது. “ஏங்க, ஒரு வாய் தண்ணி,” என்று ஜாடை காட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற மனுஷன் மாமியாருக்குப் பயந்து வெறுங்கையோடு நின்றார்.

ரெஜினா மேடம் என்னைப் பார்க்க வரவில்லை, அதுதான் வேடிக்கை. பக்கத்துக் கட்டில்காரிக்கு ஏதோ கேட்க வந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா என்னைக் கஞ்சி குடிக்க உட்கார வைத்தாள், கல் உருண்டது, நான் தட்டை அப்படியே விட்டுவிட்டுச் சாய்ந்தேன், முகம் ஒரு நொடியில் கோணி மறு நொடியில் தெளிந்ததை அவர் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார். என்ன வலி என்று கேட்கவில்லை. “படுத்ததும் விட்டுட்டா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது, ஆமா மேடம், ஆமா மேடம் என்று ரெண்டு தடவை சொன்னேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் விரலால் காற்றில் படம் போட்டுச் சொன்னார், முதுகுத்தண்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது, உள்ளே தண்ணீர் மாதிரி ஒன்று நிறைந்திருக்கும், அந்தத் தண்ணீர்தான் மேலே மூளையையும் தாங்குகிறது, மரத்துப்போக ஊசி போடுகிற இடத்தில் ஒரு பொட்டு ஓட்டை விழும், அநேகம் பேருக்கு அது தானாக மூடிக்கொள்ளும், சிலருக்கு மூடாமல் கசியும். “கசிஞ்சு கொறஞ்சு போச்சுன்னா, உட்கார்ந்ததும் மூளை கொஞ்சம் கீழ இறங்கி இழுக்கும். அதான் வலி. பயப்படாதீங்க, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்கும் சரி பண்ணிரலாம். மொதல்ல நல்லாத் தண்ணி குடிங்க, காப்பி குடிங்க, படுத்திருங்க. கேக்கலேன்னா வேற வைத்தியம் இருக்கு.” அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, “அம்மா, அவளுக்குத் தலையில நீர் கோத்திருக்கு, தண்ணி குடுக்கச் சொல்லுதீங்களே,” என்றாள். ரெஜினா மேடம் சிரிக்கவில்லை. “கோக்கலம்மா. கொறஞ்சு போச்சு.” கோத்திருக்கவில்லை, குறைந்திருக்கிறது. இறக்கு இறக்கு என்று நாங்கள் இறக்கிக்கொண்டிருந்தோம், அது ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்ததுதான் நோவு. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்நேரம் பார்க்க வந்து கட்டில் ஓரத்தில் நின்ற என் வீட்டுக்காரர்தான் முதலில் தெளிந்து, “அப்ப டேங்க் லீக்கு, அதானே டாக்டர்?” என்றார், அதற்கு மட்டும் மேடம் சிரித்தார்.

சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தது என் வீட்டுக்காரர்தான், ஆனால் என் தலைமாட்டில் இருந்தது அம்மா, அதனால் அம்மா கையில் கொடுத்தார். அம்மா வாங்கினாள். வாங்கியவள் எனக்குத் தரவில்லை. சொம்பைப் பிடித்தபடி நின்றாள், அப்புறம் அதை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் குடுக்க மாட்டேன்,” என்றாள். வீம்பு என்றுதான் நினைத்தேன், வீம்பில் அவளுக்கு நான் பிள்ளை. ஆனால் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். அவளுடைய அக்கா பூரணம், பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருந்தவள், காய்ந்த உதட்டோடு தண்ணி தண்ணி என்று கேட்டாளாம். “வீட்ல யாரும் இல்ல. பானையில மோந்து நான்தான் குடுத்தேன். பாவாடை கட்டுத வயசு, எனக்கென்ன தெரியும். ராத்திரியே ஜன்னி கண்டுட்டு, விடிய முந்தி போயிட்டா. எங்கம்மை என்னையத் திட்டல, அடிக்கல. தண்ணி குடுத்தியான்னு மட்டும் கேட்டா.” இவ்வளவு காலம் இவளோடு ஒரே வீட்டில் வளர்ந்திருக்கிறேன், பூரணம் பெரியம்மா காய்ச்சலில் போனாள் என்பது தெரியும், சொம்பைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ரெஜினா மேடம் போகாமல் நின்று கேட்டார். “தண்ணி குடிச்சு யாருக்கும் ஜன்னி வராதும்மா. அது கிருமியில வர்ற காய்ச்சல். நீங்க மோந்து குடுக்கும்போதே அவங்களுக்குக் காய்ச்சல் இருந்திருக்கும், அதனாலதான் அவ்வளவு தாகம். நீங்க தாகத்துக்குத் தண்ணி குடுத்திருக்கீங்க.” அம்மா நம்பினாளா இல்லையா தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. தண்ணீரை என் வீட்டுக்காரர்தான் குழாய் போட்டுக் கொடுத்தார், நான் சொம்பு அடியில் கொறகொறவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினேன். அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

தண்ணீருக்கும் காப்பிக்கும் வலி கொஞ்சம் மரியாதை கொடுத்தது, போகவில்லை. கல் சின்னதானது, கல்தான். அதனால்தான் இன்றைக்கு இந்த வைத்தியம். பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி, தாடையை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். மறுபடியும் முதுகில் ஊசியா என்று ஒரு பயம் வந்தது, ஓட்டை போட்ட இடத்திலேயே இன்னொரு ஓட்டையா? “உள்ள போக மாட்டேன், பைக்கு வெளியிலயே நின்னுக்குவேன். உங்க ரத்தம் போய் உறைஞ்சு அதை அடைச்சிரும்,” என்றார் மேடம். ஒரு தடவையில் சரியாகிவிடுமா என்றேன். “அநேகமா. சிலருக்கு இன்னொரு தடவை போட வேண்டியிருக்கும்.” அந்தச் சிலர், அந்தச் சிலர் யார்? இப்போது மல்லாந்து கிடக்கிறபோது அவர்கள்தான் வந்து வந்து நிற்கிறார்கள். மாநில அளவில் வாலிபால் ஆடினவளுக்கு வளைகாப்பு முடிகிற வரை ஊரே சுகப்பிரசவம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது, அதில் நான் சிலரானேன். ஊசி ஓட்டை எல்லாருக்கும் மூடிக்கொள்ளும், அதிலும் நான் சிலரானேன். மூன்றாவது தடவையும் சிலராவேனா? போதும். செட் ஒன்று போனது, செட் ரெண்டு போனது, மூன்றாவதில் சர்வீஸ் என் கையில். பிடரியைக் கேட்டுப் பார்க்கிறேன், கல் இருக்கிறதா? படுத்திருக்கும்போது கேட்டு என்ன பிரயோஜனம், படுத்திருக்கும்போது அது எப்போதுமே இருந்ததில்லை. ஒரு விரற்கடை, ஒரே ஒரு விரற்கடை தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூக்கக் கூடாது. என் மாணவி ஒருத்தி விசிலுக்கு முந்தி ஓடினால் நான் என்ன செய்வேன்? பின்னால் வந்து நில் என்பேன். நிற்கிறேன், படுத்தபடி நிற்கிறேன். ஆனால் காதில் ஏதோ மாறியிருக்கிறது, கவனிக்கிறேன், இத்தனை நாளாகத் தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி மந்தமாகக் கேட்டதெல்லாம் இப்போது கூர்மையாகக் கேட்கிறது, வராந்தாவில் யாரோ டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம், கீழே லாரி ஹாரன், அது எங்கள் லாரி, அந்த ஹாரனுக்குத் தொண்டை கட்டியிருக்கும். என் மகள் தூக்கத்தில் விடுகிற மூச்சுகூட இங்கே கேட்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்தும் பயமாக இருக்கிறது.

ரெஜினா மேடம் வருகிறார், முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டிருக்கிறார். பின்னாலேயே என் வீட்டுக்காரர், சட்டைக் கை ஈரத்தோடு. “ரெடியா?” ரெடி. ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி, தம் பிடிக்காமல், மெதுவாக, என்கிறார், நான் செய்கிறேன், தையல் இழுக்கிறது, இழுக்கட்டும், அது வேறு வலி, அதோடு எனக்குச் சண்டை இல்லை. கால் தரையைத் தொடுகிறது. முதுகு நிமிர்கிறது. நெஞ்சு நிமிர்கிறது. தலை, தலையும் நிமிர்ந்துவிட்டது, இனி வர வேண்டியதுதான் பாக்கி. பிடரியில் காத்திருக்கிறேன். ஜன்னலைப் பார்க்கிறேன், வெளிச்சம் வெளிச்சமாகவே இருக்கிறது. இன்னும் காத்திருக்கிறேன். கல் இல்லை. கழுத்தை இடதுபக்கம் திருப்புகிறேன், வலதுபக்கம் திருப்புகிறேன், இல்லை, இல்லவே இல்லை. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், மேடம்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். “பிள்ளையக் குடுங்க,” என்கிறேன், குரல் மைதானக் குரலாக வந்துவிட்டது, பக்கத்துக் கட்டில் மாமியார் திடுக்கிட்டுப் பார்க்கிறாள். அம்மா எழுந்து வந்து பிள்ளையை என் மடியில் வைக்கிறாள். குனிந்து பார்க்கிறேன், குனிந்தும் வலிக்கவில்லை. இதோ, நேராக. மூக்கு அப்பன் மூக்கு இல்லை, யார் சொன்னது, இது அப்படியே என் மூக்கு. நெற்றியும் தாய்மாமன் நெற்றி கிடையாது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள், புருவத்தைச் சுருக்குகிறாள், இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறாற்போல் இருக்கிறது. மார்போடு சேர்க்கிறேன், ரெண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை கவ்விக்கொண்டாள், டப்பாவுக்குப் பழகிவிடுவாள் என்று பயந்தேனே, எப்படி இழுக்கிறாள் பார், என் மகள். எனக்கு அழுகை வருகிறது, சந்தோஷமாக அழுகிறேன். அம்மா என் பிடரியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். “நீர் இறங்கிட்டாட்டி?” என்று கேட்கிறாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கிறேன், அவருக்குப் புரிந்து அவர் முகம் விரிகிறது. “இறங்கலம்மா. ஏறிட்டு,” என்கிறேன். அம்மா பிடரியிலிருந்து கையை எடுக்கிறாள். பிறகு மேசையிலிருந்த சொம்பை எடுக்கிறாள், அவரிடம் கொடுக்கவில்லை, மேடத்தைப் பார்க்கவில்லை, குழாயை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் நீட்டுகிறாள். விளிம்பில் தண்ணீர் தளும்புகிறது. ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் வாங்குகிறேன், தலையைத் தூக்கி, நன்றாகத் தூக்கி, அண்ணாந்து குடிக்கிறேன், தொண்டை வழியாகக் கொஞ்சம், கழுத்து வழியாகக் கொஞ்சம். சொம்பு காலியாகும் வரை அம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “இன்னும் மோந்து தரவாட்டி?” என்கிறாள். தாம்மா என்கிறேன்.